பாப்பாய் வந்தபோது கீரை இல்லை, கோழிதான் இருந்தது

பழைய பேப்பர்:

வேறொரு இழையில் மிக்கி மவுஸ், டாம் ஜெர்ரி என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர், கீரை தின்றதும் பலம் வந்து எதிரியை அடித்து வீழ்த்துகிற அந்தக் கார்ட்டூன் மாலுமியைப் பற்றி, "பாப்பாய் எல்லாம் கீரை விற்கிறவர்கள் காசு கொடுத்து உருவாக்கிய ஆள்தானே" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறிவிடும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன். கீரை வியாபாரிகளும் இல்லை, ஆரம்பத்தில் கீரையும் இல்லை. அவனுக்கென்று ஒரு கதைகூட இல்லை. இன்னொருவர் வீட்டுக் கதையில் கூலிக்கு வந்த ஆள் அவன், அதுவும் பத்து வருடம் கழித்து.

1919 டிசம்பர் 19ஆம் தேதி நியூயார்க் ஈவினிங் ஜர்னல் பத்திரிகையில் 'திம்பிள் தியேட்டர்' என்று ஒரு தினசரி காமிக்ஸ் தொடங்கியது. வரைந்தவர் இ. சி. செகார். பின்னாளில் பாப்பாயின் காதலியான ஆலிவ் ஆயில் அதில் முதல் நாளிலிருந்தே உண்டு. அவளுக்கு ஹாம் கிரேவி என்று ஒரு காதலன், சீக்கிரமே வந்து சேர்ந்த காஸ்டர் ஆயில் என்று ஒரு அண்ணன். குள்ளமான உடம்பு, பெரிய தலை, எப்படியாவது பணக்காரனாகிவிட வேண்டும் என்ற வெறி, இதுதான் காஸ்டர். 1920களில் அந்தத் தொடரின் உண்மையான நாயகன் அவன்தான். பாப்பாய் என்ற பெயரே அப்போது கிடையாது.

1928 கடைசியில் காஸ்டருக்கு ஒரு கோழி கிடைக்கிறது. பெர்னிஸ் என்று பெயர், விஃபிள் இனம் என்று செகார் கற்பனையாக ஒரு இனம் வைத்திருந்தார். அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம். இதை வைத்துக்கொண்டு டைஸ் தீவு என்ற சூதாட்டத் தீவுக்குப் போய் அள்ளிக்கொண்டு வரலாம் என்று திட்டம் போட்டு ஒரு கப்பலை வாங்கிவிடுகிறான். கப்பல் ஓட்ட ஆள் வேண்டுமே? 1929 ஜனவரி 17 அன்று துறைமுகத்தில் நிற்கிற ஒருவனைப் பார்த்து "ஏய், நீ மாலுமியா?" என்று கூப்பிடுகிறான். அவன் திரும்பி, "பின்னே, மாடு மேய்க்கிறவன்னா நினைச்சே?" என்கிறான். அவ்வளவுதான் அறிமுகம். வாயில் பைப், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஊதிப்போன கை, அதில் நங்கூரப் பச்சை, ஒற்றைக் கண். அந்த ஒரே நாளில் முழு உருவமும் தயார்.

ரீல் பெட்டி:

நல்ல இழை. ஒரு சந்தேகம், கீரை இல்லையென்றால் அந்தக் கதையில் பலம் எங்கிருந்து வருகிறது? சும்மாவே பலசாலியா?

பழைய பேப்பர்:

சண்டைக்காரன், அடி தாங்குவான், அவ்வளவுதான். சூப்பர் பலம் என்று சொல்லும் அளவுக்கு ஆரம்பத்தில் ஒன்றும் கிடையாது. தீவிலிருந்து திரும்பும் வழியில் ஸ்னார்க் என்ற வில்லன் அவனைத் துப்பாக்கியால் மாற்றி மாற்றிச் சுடுகிறான். உடம்பெல்லாம் ஓட்டையாகிப்போன பாப்பாய் எப்படியோ தவழ்ந்து போய் அந்தக் கோழியின் தலையை விடாமல் தடவிக்கொண்டே கிடக்கிறான், பிழைத்தும் விடுகிறான். ஆக, பாப்பாயைக் காப்பாற்றிய முதல் பொருள் ஒரு கோழி. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அந்தப் பயணம் முடிந்ததும் செகார் அவனைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டார். வேலைக்கு வந்த ஆள், வேலை முடிந்தது, கிளம்பினான். ஆனால் வாசகர்கள் விடவில்லை. எங்கே அந்த ஒற்றைக்கண்ணன் என்று கடிதம் வர ஆரம்பித்ததும் அதே 1929லேயே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் தொடர் அவன் கைக்குப் போய்விட்டது. தலைப்பிலேயே அவன் பெயர் ஏறிக்கொண்டது.

குறும்புக்காரி:

அண்ணா, ஹாம் கிரேவி பாவத்தை யார் கேட்பது? பத்து வருடமாக ஆலிவோடு சுற்றியவன், ஒரு மாலுமி வந்ததும் ஆளையே காணோம். அதுவும் ஆலிவுக்கு பாப்பாயைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடவில்லை, கண்டாலே எரிந்து விழுகிறாள், இவனும் பதிலுக்குத் திட்டுகிறான். காதல் எல்லாம் பிறகுதான் வருகிறது. எனக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பழைய ஆலிவ் வாயாடி, கோபக்காரி, தேவைப்பட்டால் கை நீட்டவும் தயங்காதவள். டிவியில் நாம் பார்த்த ஆலிவுக்கு "காப்பாத்து பாப்பாய்" என்று அலறுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவளிடமிருந்து ஆளுமையைப் பிடுங்கியது யார் என்று இந்த இழையில் யாராவது எழுதினால் புண்ணியமாகப் போகும்.

ரீல் பெட்டி:

அக்கா, பிடுங்கியது சினிமாக்காரர்கள்தான் என்று சொல்ல வருகிறீர்கள், புரிகிறது :) ஆனால் அதே சினிமாக்காரர்கள் இல்லாவிட்டால் நாம் இங்கே உட்கார்ந்து பாப்பாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அந்தக் காலத்தில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஓடிய காமிக்ஸ்களில் எத்தனை பேரை இன்றைக்கு நமக்குத் தெரியும்?

என் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். ஃப்ளைஷர் சகோதரர்கள், மேக்ஸ், டேவ், நியூயார்க்கில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள். பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பெண்தான் அவர்களுடைய நட்சத்திரம். பாப்பாய் உரிமையை வாங்கி 1933 ஜூலை 14 அன்று வெளியிட்ட முதல் படம், கணக்குப்படி பார்த்தால் பெட்டி பூப் படம்தான். அவள் நடுவில் வந்து ஹூலா நடனம் ஆடுகிறாள், இவன் மேடையேறி கூட ஆடுகிறான். அதாவது சினிமாவிலும் இன்னொருத்தி வீட்டு வாசல் வழியாகத்தான் நுழைந்திருக்கிறான். ஆனால் அந்த ஒரே படத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. சாமி லெர்னர் எழுதிய அந்த "நான்தான் மாலுமி பாப்பாய்" பாட்டு, வில்லன் புளூட்டோ ஆலிவைத் தூக்கிக்கொண்டு போவது, கீரை டப்பா, கடைசி அடி. அடுத்த இருபத்து நாலு வருடம் தியேட்டர்களுக்கு வந்த 231 படங்களில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவைதான்.

பழைய பேப்பர்:

அந்த அச்சுதான் என் புகாரே. புளூட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். செகாரின் தொடரில் அவன் 1932ல் ஒரே ஒரு கடல் சாகசக் கதையில் வந்து அடி வாங்கிவிட்டுப் போன கடற்கொள்ளைக்காரன், நிரந்தர எதிரி கிடையாது. செகாருக்குப் பிடித்த வில்லி வேறொருத்தி, கடல் சூனியக்காரி. அவளை பாப்பாயால் அடிக்கவும் முடியாது, ஏனென்றால் பெண்களை அடிப்பதில்லை என்று அவனுக்கு ஒரு கொள்கை. ஒரு பலசாலியை எதிரில் நிறுத்தி அவன் கையைக் கட்டிப்போடுவதில் எவ்வளவு கதை கிடைக்கும் என்று பாருங்கள். ஏழு நிமிடப் படத்துக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை, தாடி வைத்த தடியன் ஒருவன் போதும்.

கீரையும் அப்படித்தான். செகாரின் தொடரில் அவன் கீரை தின்பான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது எப்போதாவது வருகிற விஷயம், ஒவ்வொரு சண்டைக்கும் டப்பாவைப் பிதுக்குகிற சடங்கு ஸ்டுடியோ சேர்த்தது.

நெல்லைக்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கீரையில் இரும்புச்சத்து எவ்வளவு என்று ஒரு ஜெர்மன் விஞ்ஞானி எழுதும்போது புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டார், பத்து மடங்கு அதிகமாகிவிட்டது, அதை நம்பித்தான் பாப்பாய்க்குக் கீரை கொடுத்தார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே. அது உண்மையா?

பழைய பேப்பர்:

வாங்க நெல்லைக்காரரே, இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளிக் கதையே ஒரு கட்டுக்கதை. 1981ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை வழியாகத்தான் அது பிரபலமானது. 2010ல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார், ஆதாரம் கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், தவறான தகவல் எப்படிப் பரவுகிறது என்பதற்கு உதாரணமாக இத்தனை வருடம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கதையே தவறான தகவல்.

அதைவிட முக்கியம், செகார் இரும்பைப் பற்றிப் பேசவே இல்லை. 1932 ஜூலை மாத ஸ்ட்ரிப் ஒன்றில் பாப்பாயே காரணம் சொல்கிறான்: கீரையில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது, அதுதான் மனுசனுக்குப் பலம் தருகிறது என்று. வைட்டமின்களைப் பற்றிப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

நெல்லைக்காரன்:

அப்போ கீரைக்காரர்கள் காசு கொடுக்கவே இல்லையா?

ரீல் பெட்டி:

காசு கொடுத்து உருவாக்கவில்லை, ஆனால் அவனால் லாபம் அடைந்தார்கள். டெக்ஸாஸில் கிரிஸ்டல் சிட்டி என்று கீரை விளைகிற ஊர். 1937ல் அந்த ஊரில் பாப்பாய்க்குச் சிலையே வைத்துவிட்டார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே கார்ட்டூன் பாத்திரத்துக்குச் சிலை.

சரி, பழைய பேப்பர் அண்ணன் ஸ்டுடியோக்காரர்களை வெறும் அச்சு வார்ப்பவர்கள் மாதிரி எழுதுவதை என்னால் விட முடியவில்லை. அவர்கள் செய்த இரண்டு காரியத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று, பின்னணி. 1936ல் வந்த சிந்துபாத் படத்தை யூட்யூபில் போட்டு, குகைக்குள் நடக்கிற காட்சியில் பாப்பாயை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் இருக்கிற பாறைகளை மட்டும் பாருங்கள். அவை வரைந்த பாறைகள் இல்லை. நிஜமாகவே சின்ன மாடலாகச் செய்து, வட்ட மேடையில் வைத்து, அதற்கு முன்னால் பாப்பாய் வரைந்த செல்லுலாய்டு தாளைக் கண்ணாடிக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்தி, கேமராவைக் கிடைமட்டமாக வைத்து ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்தது. ஒரு ஃப்ரேம் எடுத்ததும் மேடையை ஒரு சின்ன அளவு திருப்புவார்கள். அதனால்தான் அவன் நடக்கும்போது பக்கத்துப் பாறை வேகமாகவும் தூரத்துப் பாறை மெதுவாகவும் நகர்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். அந்தப் படம் ஆஸ்கருக்குப் பரிந்துரையும் ஆனது.

இரண்டு, முணுமுணுப்பு. டிஸ்னியில் முதலில் குரலைப் பதிவு செய்து அதற்கேற்ப வாயசைவை வரைவார்கள். ஃப்ளைஷரில் அப்போது தலைகீழ், படத்தை வரைந்து முடித்துவிட்டுத்தான் குரல். முதலில் பில்லி காஸ்டெல்லோ என்பவர் பேசினார், 1935லிருந்து ஜாக் மெர்சர். மெர்சர் அந்த ஸ்டுடியோவிலேயே படம் வரைகிற பிரிவில் வேலை பார்த்தவர், திரையில் பாப்பாய் சும்மா நடந்து போகிற இடத்திலெல்லாம் தன்பாட்டுக்கு எதையாவது முனகி வைத்துவிடுவார். வாய் அசையாது, ஆனால் பேச்சு கேட்கும். பாதிச் சிரிப்பு அதில்தான். திரும்பிப் பார்த்தால் அது ஒரு குறை, ஆனால் அந்தக் குறையிலிருந்துதான் அவனுடைய குணமே வந்தது. தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிற ஒரு நடுத்தர வயது மனுசன். செகாரின் பாப்பாயிடம் இது இல்லை.

குறும்புக்காரி:

இந்த முணுமுணுப்பு விஷயம் அருமை, ரீல் பெட்டி. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆலிவுக்குக் குரல் கொடுத்த மே குவெஸ்டல்தான் பெட்டி பூப்புக்கும் குரல். யுத்தத்தின்போது மெர்சர் ராணுவத்துக்குப் போனதும், சில படங்களில் குவெஸ்டலே பாப்பாய்க்கும் பேசியிருக்கிறார். ஒரே பெண் ஆலிவாகவும் பாப்பாயாகவும் மாறி மாறிப் பேசியிருக்கிறார், தியேட்டரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. கடத்தப்படுவதற்காகவே ஒருத்தி!

கரைசேரான்:

இவ்வளவு நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். பாப்பாய் நிஜ மனுசன் ஒருவனை வைத்து வரைந்தது என்று எங்கேயோ படித்த ஞாபகம். அதைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

பழைய பேப்பர்:

தெரியும், ஆனால் இதில் ஊர்ப்பேச்சும் கலந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செகார் பிறந்தது 1894ல், இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் செஸ்டர் என்ற சின்ன ஊர். அங்கே ஓபரா ஹவுஸ் என்ற தியேட்டரில் பையனாக எடுபிடி வேலை, பிறகு படம் ஓட்டுகிற வேலை. தபால் வழியாகக் கார்ட்டூன் கற்றுக்கொண்டு சிகாகோ போனார். அந்த ஊரில் ஃபிராங்க் ஃபீகல் என்று ஒரு ஆள், எல்லோரும் ராக்கி என்று கூப்பிடுவார்கள். எப்போதும் வாயில் பைப், நீண்டு நிற்கும் தாடை, சண்டை என்றால் முதலில் நிற்பவர். அவருடைய போட்டோவைப் பார்த்தால் பேசவே வேண்டாம், அப்படியே பாப்பாய். இவர்தான் மூலம் என்று செஸ்டர்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஒரே வித்தியாசம், அவர் மாலுமி இல்லை.

பர்கருக்குக் கடன் சொல்கிற விம்பி இருக்கிறானே, "செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடுகிறேன், இன்றைக்கு ஒரு ஹாம்பர்கர் கொடு" என்று, அவனுக்கு மூலம் செகார் வேலை பார்த்த அந்தத் தியேட்டரின் முதலாளியே என்கிறார்கள். ஆலிவுக்கும் அதே ஊரில் கடை வைத்திருந்த உயரமான, ஒல்லியான, கொண்டை போட்ட ஒரு பெண்மணியைக் காட்டுவார்கள். 1977ல் அந்த ஊரில் பாப்பாய்க்குச் சிலை வைத்தார்கள், பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களுக்கும் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

எனக்கு விம்பிதான் செகாரின் உச்சம். 1931ல் குத்துச்சண்டை நடுவராக வந்து சேர்ந்தவன். பயந்தாங்கொள்ளி, சோம்பேறி, வாய் திறந்தால் மரியாதை சொட்டும், உள்ளே முழு அயோக்கியத்தனம். நம் ஊர் டீக்கடையில் அக்கவுண்ட் வைத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களை அவனிடம் பார்க்கலாம். சினிமாவில் அவன் பர்கர் தின்று கொண்டு ஓரமாக நிற்பதோடு சரி.

ரீல் பெட்டி:

விம்பி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஏழு நிமிடத்தில் அவனை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அவனுக்கு வேலை செய்ய நாள்கணக்கு வேண்டும்.

நெல்லைக்காரன்:

இவ்வளவு ஓடிய தொடரை செகார் எப்போது நிறுத்தினார்? இல்லை, இன்னும் அவர் குடும்பம்தான் வரைகிறதா?

பழைய பேப்பர்:

அவர் நிறுத்தவில்லை. 1938 அக்டோபரில் இறந்துவிட்டார், லுகேமியா, வயது 43தான். பாப்பாயை அவர் வரைந்தது மொத்தத்தில் பத்து வருடம்கூட இல்லை. அந்தப் பத்து வருடத்துக்குள் விம்பி, குழந்தை ஸ்வீபீ, ஆலிஸ் என்ற அந்த ராட்சசி, பாப்பாயின் அப்பா, ஆர்க்கிட் பூ தின்று உண்மை மட்டுமே சொல்கிற ஜீப் என்ற பிராணி என்று ஒரு ஊரையே இறக்கிவிட்டார். பிறகு பல கைகள் மாறி, 1959லிருந்து பட் சாகண்டார்ஃப் வரைந்தார், செகாரிடம் உதவியாளராக இருந்தவர்.

ஸ்டுடியோ பக்கமும் கலைந்தது. 1937ல் ஃப்ளைஷரில் பெரிய வேலைநிறுத்தம், அடுத்த வருடம் ஸ்டுடியோவையே மயாமிக்கு மாற்றினார்கள், 1940களின் தொடக்கத்தில் அவர்கள் படங்களை விநியோகித்த பாரமவுண்ட் நிறுவனம் கையில் எடுத்துக்கொண்டு சகோதரர்களை வெளியே அனுப்பிவிட்டது. யுத்தம் நெருங்கிய அந்த நேரத்தில்தான் பாப்பாய்க்குக் கறுப்புச் சட்டை போய் வெள்ளைக் கடற்படை உடுப்பு வந்தது. டிவியில் பெரும்பாலும் நாம் பார்த்தது அதற்கப்புறம் வந்த சரக்கு. வண்ணம் பளிச்சென்று இருக்கும், உயிர் குறைவு. 1960ல் டிவிக்கென்றே இரண்டே வருடத்தில் 220 படம் அவசர அவசரமாகத் தயாரித்தார்கள், பல ஸ்டுடியோக்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

கரைசேரான்:

அந்த டிவி படங்களில் வில்லன் பெயர் புரூட்டஸ் என்று இருக்குமே, அது வேறு ஆளா?

ரீல் பெட்டி:

அதே தடியன்தான். புளூட்டோ என்ற பெயர் பாரமவுண்டுக்குச் சொந்தம் என்று, செகாரின் தொடருக்கு உரிமை வைத்திருந்த கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் நினைத்துக்கொண்டு பெயரை மாற்றிவிட்டது. உண்மையில் அந்தப் பெயர் 1932லேயே செகாரின் தொடரில் வந்தது, அதாவது அவர்களுக்கே சொந்தமானது. சொந்தப் பழைய பேப்பரைப் புரட்டிப் பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை போல. (பழைய பேப்பர் அண்ணே, உங்களைச் சொல்லவில்லை.)

இன்னொன்றும் இருக்கிறது. 1981ல் நின்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோ ஒரு வீடியோ கேம் செய்ய ஆரம்பித்தபோது பாப்பாய், ஆலிவ், புளூட்டோ மூவரையும் வைத்துத்தான் யோசித்தார். உரிமை கிடைக்கவில்லை. அதனால் புளூட்டோ இடத்தில் ஒரு குரங்கு, ஆலிவ் இடத்தில் ஒரு பெண், பாப்பாய் இடத்தில் ஒரு தச்சர். அதுதான் டாங்கி காங், அந்தத் தச்சர்தான் பிறகு மாரியோ. நீங்கள் வெறும் அச்சு என்று திட்டுகிற அந்த முக்கோணம் எங்கே போய் முளைத்திருக்கிறது பாருங்கள்.

குறும்புக்காரி:

அங்கேயும் கடத்தப்படுவது பெண்தான், கவனித்தேன்.

நெல்லைக்காரன்:

2025லிருந்து பாப்பாயை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்கிறார்களே, அப்படியா?

பழைய பேப்பர்:

அமெரிக்காவில் 2025 ஜனவரி 1லிருந்து 1929ல் அச்சான ஸ்ட்ரிப்கள் பொதுச் சொத்து. ஐரோப்பாவில் 2009லேயே ஆகிவிட்டது, ஆசிரியர் இறந்து எழுபது வருடம் என்ற கணக்கில். ஆனால் பெயருக்கும் உருவத்துக்கும் வணிக முத்திரை உரிமை தனியாக இருக்கிறது, அதனால் டி-ஷர்ட் அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். பொதுச் சொத்தானதும் உடனே யாரோ திகில் படம் எடுக்கக் கிளம்பினார்கள், கையில் ரத்தத்தோடு. கைக்கு இலவசமாகக் கிடைத்தது கோழியைத் தடவிக்கொண்டு கிடக்கிற அந்த 1929 பாப்பாய், அவனை யாரும் எடுக்கக் காணோம்.

கரைசேரான்:

செகாரின் தொடரைப் படிக்க ஆசையாக இருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய பேப்பர்:

ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகத்தார் 2006லிருந்து ஆறு பெரிய தொகுதிகளாகப் போட்டார்கள், விலை கடி. பழைய புத்தகக் கடையிலோ தெரிந்தவர்களிடமோ கிடைத்தால் முதல் தொகுதியை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்று, அது 1928 செப்டம்பர் ஸ்ட்ரிப்பிலிருந்து தொடங்குகிறது, பாப்பாய் வர நாலு மாதக் கதையைப் படிக்க வேண்டும். அதுவரைக்கும் காஸ்டரும் கோழியும்தான். புரட்டித் தள்ளிவிட்டு நேரே ஜனவரிக்குப் போகலாமா என்று கேட்டால், போகாதீர்கள்.

குறும்புக்காரி:

ஆலிவ் ஹாம் கிரேவியைத் திட்டுகிற பகுதியும் அதற்குள்தான் இருக்கிறது. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன், தாண்டாதீர்கள்.